கமாலோண்டோ ஊரில் இடமில்லை

கமாலோண்டோ ஊர், சோல்வேசி வழி
14 மார்ச் 2004

அன்பு மருமகன் எனோக்குக்கு,

உன் தாய்மாமன், ஏழாவது கமாலோண்டோ, முக்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து எழுதுவது. முதலில் குனிந்து கைதட்டி வணக்கம் சொல்லிவிட்டேன். லுசாகா வரைக்கும் கேட்டிருக்கும், என் கை அப்படிப்பட்ட கை. நீயும் உன் மனைவி டோர்கஸும் சுகம்தானே? எனக்கு ஒரு குறையும் இல்லை. இடது முழங்கால் மட்டும் மழைக்காலத்தில் என் பேச்சைக் கேட்பதில்லை. ஊரே கேட்கிறது, அது ஒன்று கேட்காவிட்டால் போகட்டும்.

செய்தி பெரியது. உட்கார்ந்து படி. போன வாரம் செம்புக் கம்பெனித் துரை நம் ஊருக்கு வந்தார். மூன்று வண்டிகள். ஐந்து என்றே வைத்துக்கொள், புழுதியில் சரியாகத் தெரியவில்லை. முறை தெரிந்த மனிதர். இரண்டு கம்பளி, ஒரு மூட்டை உப்பு, ஒரு வெள்ளைச் சேவல் எல்லாம் என் முன்னால் வைத்து, முழங்கால் மடக்கிக் கைதட்டினார். கூட வந்த மொழிபெயர்ப்பாளர், "ஐயா, துரைக்கு உங்க மண்ணுல உக்கார ஒரு எடம் வேணுமாம்" என்றார்.

வந்தவன் உட்கார இடம் கேட்டால் கொடுப்பதுதானே கமாலோண்டோவின் வேலை? வருடா வருடம் முதல் விளைச்சலில் ஒரு கூடை கொண்டுவந்து வைப்பான், இருக்கிற மட்டும் இருப்பான், போகும்போது நிலம் கிடந்த இடத்திலேயே கிடக்கும். அந்தக் காலத்தில் பிழைக்க வந்த லுவாலேக்காரர்களுக்கு நம் ஆட்கள் கொடுத்ததும் இப்படித்தான்.

கோடாரியைத் தோளில் போட்டேன். ஓடைக்கு அந்தப் பக்கக் காட்டில் தொடங்கி, ஊரைப் பார்த்து, மரத்துக்கு மரம் பட்டையைச் செதுக்கி எல்லை காட்டிக்கொண்டே நடந்தேன். ஓடைக்கரை வந்ததும் துரை நின்று, இது போதும் என்பது போலத் தலையாட்டினார். போதுமாவது! ஓடையோடு நிறுத்த நான் என்ன சில்லறைத் தலைவனா? ஓடையைத் தாண்டினேன், தோட்டங்களைத் தாண்டினேன், மேடு வரைக்கும் போனேன். துரை வாயைத் திறந்தவர் மூடவில்லை.

கொல்லன் கியெம்பே பின்னாலேயே வந்தான். அவன் குலமும் நம் குலமும் கேலிக் குலங்கள் என்பது உனக்குத் தெரிந்ததுதான். அவன் என்ன சொன்னாலும் நான் சிரிக்க வேண்டும், கோபப்பட்டால் ஒரு கோழி அபராதம்.

"ஏ கமாலோண்டோ, உன் கோடாரி தேன்கள்ளு கிள்ளு குடிச்சிருக்கா? இடுகாட்டையும் தாண்டிப் போயிட்டியே! உன் தங்கச்சி குழியையும் சேத்துக் குடுக்கப் போறியா?"

"குடுப்பேன்டா, உன் குழியையும் சேத்து!"

"எனக்குக் குழி வெட்டுறது உன் குலத்து வேல. அன்னைக்குத் துரைகிட்ட உத்தரவு வாங்கிட்டு வந்து வெட்டு, என்ன?"

ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. துரையும் சிரித்தார், எதற்கென்று தெரியாமல்.

இனிமேல் பார். தார் ரோடு வரும், மின்சாரம் வரும், ஆஸ்பத்திரி வரும். மந்திரி என் வீட்டில் உட்கார்ந்து சோளக்களி தின்பார். நாட்டை எப்படி நடத்துவது என்று கேட்டால் இரண்டு வார்த்தை சொல்லி அனுப்புவேன். எனக்குப் பிறகு இந்தப் பேரும் முக்காலியும் என் தங்கை மகனாகிய உனக்குத்தான். நான் பெற்ற பிள்ளைகள் முறைப்படி அவர்கள் அம்மா குலத்தோடு போய்விட்டார்கள். ஆகவே உனக்குப் பெரிய ஊராக வைத்துவிட்டுப் போக ஏற்பாடு செய்கிறேன்.

இப்போதைக்கு இது போதும், மை தீர்கிறது.
உன் மாமா

---

லுசாகா
8 ஏப்ரல் 2004

மதிப்புக்குரிய மாமாவுக்கு,

மருமகன் எனோக் முழங்கால் மடக்கி எழுதுகிறேன். நாங்கள் இருவரும் நலம். உங்கள் முழங்காலுக்கு ஒரு தைலம் அனுப்பியிருக்கிறேன். காலையிலும் மாலையிலும் சூடாகத் தேயுங்கள். டோர்கஸ் சர்க்கரை வைத்துக் கட்டியிருக்கிறாள்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், சில கேள்விகள். துரை ஏதாவது காகிதம் நீட்டினாரா? அதில் நீங்கள் கையெழுத்து வைத்தீர்களா? எல்லை காட்டி நடந்தபோது கையில் சின்னக் கருவி வைத்துக்கொண்டு யாராவது உங்கள் கூடவே நடந்தார்களா?

நான் கனிம நிலங்களின் வரைபடப் பிரிவில் இருக்கிறேன், மாமா. நாடு முழுக்க என் மேசை மேல் வந்து போகிறது, பச்சை, மஞ்சள், சிவப்புத் துண்டுகளாக. ஒவ்வொரு துண்டின் மேலும் ஒரு கம்பெனியின் பெயர். அவற்றில் எதையும் உட்கார்ந்துவிட்டு எழுந்து போவதற்காக யாரும் வாங்கியதாக எனக்குத் தெரியவில்லை.

கியெம்பே சொன்னது உண்மையா? அம்மாவின் குழியும் உள்ளே வருகிறதா?

பதிலை எதிர்பார்க்கும்
எனோக்

---

கமாலோண்டோ ஊர்
2 மே 2004

அன்பு மருமகனே,

தைலம் கிடைத்தது. தேய்த்த மறுநாளே ஒரு கலைமானைத் துரத்திக்கொண்டு ஓடினேன். மான் தப்பித்தது, அது அதன் அதிர்ஷ்டம். சர்க்கரைக்கு டோர்கஸிடம் என் கைதட்டலைச் சொல்.

காகிதமா? நீட்டாமல் இருப்பார்களா! நாலாம் வகுப்பு வரை மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவன் என்று அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. என் பெயரை ஒரு காட்டெருமை அளவுக்கு எழுதினேன். அடியில் வேறு யாருக்கும் இடம் மிஞ்சவில்லை. பக்கத்து ஊர்த் தலைவர்கள் பெருவிரலை நனைத்துக்கொண்டு நின்றார்கள், பாவம்.

கருவிக்காரரும் வந்தார். வானத்து நட்சத்திரத்தோடு பேசும் கருவியாம். நான் செதுக்கிய மரம் ஒவ்வொன்றின் அடியிலும் போய் நின்று அதைத் தூக்கித் தூக்கிப் பிடித்தார். "தம்பி, நேரா நில்லு, அது என் மரம்" என்றேன். என் எல்லை இப்போது நட்சத்திரங்களுக்கும் தெரியும். உன் வரைபடத்தில் அந்தத் துண்டைக் கொஞ்சம் அழகான நிறத்தில் போடு.

தங்கையின் குழி உள்ளே வந்தால் என்ன? விருந்தாளி வீட்டுக்குள் வந்தால் அடுப்பைப் பெயர்த்துக்கொண்டா போவான்? கியெம்பே சொன்னதைப் பிடித்துக்கொண்டு கேட்கிறாயே, லுசாகா போய் முறையெல்லாம் மறந்துவிட்டாயா? கேலிக் குலத்தான் சொல்வதைக் கேட்டுச் சிரிக்கத்தான் வேண்டும். அதை மனசில் போட்டுக்கொள்பவன் மனுசனா?

எல்லாருக்கும் சிமெண்ட் வீடு கட்டித் தருகிறார்களாம், ரோட்டோரத்தில், வரிசையாக. நான் சொன்னேன், எனக்கு இரண்டடுக்கு வேண்டும் என்று. எழுதிக்கொண்டார்கள்.

வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்.
உன் மாமா

---

லுசாகா
11 ஜூன் 2004

மதிப்புக்குரிய மாமா,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். குளிர் ஆரம்பித்துவிட்டது, கம்பளிகளைப் பெட்டியில் வைக்காமல் போர்த்திக்கொள்ளுங்கள். டோர்கஸ் பிள்ளையாண்டிருக்கிறாள். உங்களுக்குத்தான் முதலில் சொல்கிறேன்.

அந்த வரைபடம் என் மேசைக்கு வந்தது. நீங்கள் செதுக்கிய ஒவ்வொரு மரமும் ஒரு புள்ளி. புள்ளிகளைச் சேர்த்து நான்தான் கோடு போட்டேன், அது என் வேலை. ஓடைக்கு அந்தப் பக்கத்தோடு நின்றிருந்தால் ஊர் தப்பியிருக்கும். இப்போது வீடுகள், தோட்டங்கள், இடுகாடு எல்லாம் உள்ளே. ஊர் என்று அதில் எதுவும் எழுதவில்லை, வெறும் வெள்ளையாக விட்டிருக்கிறார்கள். காகிதத்தில் "உட்கார" என்ற வார்த்தையே கிடையாது மாமா. என் ஆயுசையும் என் பிள்ளை ஆயுசையும் தாண்டிப் போகிற குத்தகை. ரோட்டோரம் கட்டுகிற வீடுகள் நீங்கள் காலி செய்துவிட்டுப் போவதற்கு.

ஒரு வழி இருக்கிறது. மரம் செதுக்கிக் காட்டுவது நம் முறையில் இருக்க இடம் தருவது மட்டும்தான், நிலத்தைக் கொடுப்பது இல்லை என்று எதிர்ப்பு மனு போடலாம். குடும்பத்துக்காரனாக நானே போடலாம். ஆனால் நேற்று எங்கள் பெரிய அதிகாரி கூப்பிட்டார். "முலோங்கா, இந்தக் கமாலோண்டோ உங்க மாமாவாமே? நல்லதாப் போச்சு. கிழவர் முரண்டு பிடிச்சா நீங்கதான் பேசிச் சரிக்கட்டணும். பதவி உயர்வுப் பட்டியல்ல உங்க பேரப் பாத்தேன்" என்றார், டீயைக் குடித்துக்கொண்டே.

ஊர்த் தலைவர்களுக்கெல்லாம் மேலே இருக்கிற பெரிய தலைவரைப் பார்த்துப் பேசுங்கள். நான் என்ன செய்யட்டும், சொல்லுங்கள்.

எனோக்

---

கமாலோண்டோ ஊர்
25 ஜூலை 2004

அன்பு மருமகனே,

டோர்கஸ் செய்தி கேட்டு ஊருக்கே முன்கோயோ பானம் ஊற்றினேன். ஆண்டவன் அவளை நோயில்லாமல் வைக்கட்டும். நான் கல்லு மாதிரி இருக்கிறேன். பதில் எழுதத் தாமதம், அரசாங்க வேலையாக அலைந்தேன்.

பெரிய தலைவரைப் பார்க்கப் போனேன். என்ன மரியாதை என்கிறாய்! முற்றத்தில் பாய் போட்டு உட்கார வைத்தார்கள். களைப்பாக வந்திருப்பேன் என்று யாரும் தொந்தரவு செய்யவில்லை, அன்று முழுக்க உட்கார்ந்திருந்தேன். மறுநாளும் அப்படியே மரியாதை. மூன்றாம் நாள் அவர் புது வண்டியில் வெளியே கிளம்பும்போது கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அந்தத் தலையசைப்பில் எல்லாம் இருந்தது. வண்டியின் கதவில் கம்பெனியின் பெயர்கூட அழகாக எழுதியிருந்தது.

மந்திரியும் வந்துபோனார். மேடையில் என் பக்கத்தில்தான், நடுவில் ஒரு ஏழெட்டுப் பேர். "இந்த மண்ணுக்கடியில தூங்குற செல்வம் இனிமே உங்களுக்காக எழுந்து நடக்கும்" என்றார். கியெம்பே என் காதில், "எழுந்து நடக்கும் சரி, எந்தப் பக்கம் நடக்கும்னு கேளு" என்றான். நான் அடக்க முடியாமல் சிரித்துவிட்டேன். மந்திரி தன் பேச்சுக்குத்தான் சிரிக்கிறேன் என்று நினைத்துக் கையசைத்தார்.

மனு விஷயம். போடாதே. சொல்லிவிட்டேன். உங்க மருமகனுக்கு லுசாகாவில் என்ன வேலை என்று கேட்பவனிடமெல்லாம், நாட்டையே அவன்தான் வரைகிறான் என்று சொல்லி வைத்திருக்கிறேன். நீ அந்த மேசையை விட்டு எழுந்தால் நான் யாரிடம் என்ன சொல்வேன்? இங்கே நடப்பதை நான் பார்த்துக்கொள்கிறேன். நான் இருக்கிற இடத்தில் யார் வந்து என்ன செய்துவிட முடியும்?

பிள்ளை பிறந்ததும் எழுது.
உன் மாமா

---

லுசாகா
3 அக்டோபர் 2004

மதிப்புக்குரிய மாமா,

வெயில் கடுமையாக இருக்கிறது. உங்களுக்கு எப்படி?

பெண் குழந்தை பிறந்திருக்கிறாள். தாயும் பிள்ளையும் சுகம். அம்மாவின் பெயரையே வைத்திருக்கிறோம்.

பதவி உயர்வு வந்தது. தனி அறை கொடுத்திருக்கிறார்கள். ஜன்னல் இல்லை, ஆனால் கதவில் பெயர் எழுதியிருக்கிறது.

நீங்கள் சொன்னபடி நான் எதுவும் செய்யவில்லை.

லாரிகள் வந்தனவா?

எனோக்

---

கமாலோண்டோ ஊர்
20 நவம்பர் 2004

அன்பு மருமகனே,

என் தங்கை திரும்பி வந்துவிட்டாள்! கடிதத்தை எத்தனை பேருக்கு வாசித்துக் காட்டினேன் தெரியுமா? நடனம் நின்றபாடில்லை. குழந்தைக்குக் காய்ச்சல் கீய்ச்சல் இல்லையே? மழை ஆரம்பித்துவிட்டது, வெளியில் காட்டாதீர்கள். நான் நலம்.

லாரிகள் வந்தன. ஜனாதிபதி ஊர்வலம் மாதிரி, ஒன்றன் பின் ஒன்றாக. புது வீடுகளைப் பார்த்துவிட்டு வர ஆசைப்பட்டவர்கள் கொஞ்சம் பேர் ஏறிப் போனார்கள். நான் தடுக்கவில்லை. வீட்டுக்கு ஒரு நம்பர் போட்டிருக்கிறார்களாம், பெயர் இல்லையாம். எப்படி இருக்கும்? தலைவனின் பெயர்தானே ஊருக்குப் பெயர்? கமாலோண்டோ எங்கே இருக்கிறானோ அதுதான் கமாலோண்டோ ஊர். நான் இங்கே இருக்கிறேன்.

கியெம்பேயும் வேடிக்கைக்காகக் கடைசி லாரியில் ஏறினான். உலைத் துருத்தியை மடியில் வைத்துக்கொண்டு கத்தினான்.

"வாடா கிழவா, லாரியில எடம் இருக்கு!"

"நான் வந்தா இங்க பொதைச்சவங்களுக்கு யாருடா பேச்சுத் தொண?"

"அவங்களே ஒன் பேச்சுக்குப் பயந்துதான்டா செத்தாங்க! வந்து ஏறு. வெளையாடலடா. நெசமாத்தான் சொல்றேன், ஏறு."

எனக்கு வந்த சிரிப்பில் கண்ணில் நீர் வந்துவிட்டது. நெசமாத்தான் சொல்றேன் என்று அவன் சொன்னானே, நாற்பது வருடத்தில் அவன் சொன்னதிலேயே நல்ல கேலி அதுதான். லாரி திரும்பி மறையும் மட்டும் சிரித்துக்கொண்டே நின்றேன்.

மற்றபடி ஊர் கலகலவென்று இருக்கிறது. தினம் பஞ்சாயத்து. என் வீட்டுக்குச் சோளக்களி கொண்டுவருவதில் பெண்களுக்குள் போட்டி. நான்தான், வேண்டாம் வேண்டாம், நானே கிண்டிக்கொள்கிறேன் என்று தடுத்து வைத்திருக்கிறேன். தண்ணீர் எடுக்கவும் நானே போகிறேன், உடம்புக்கு நல்லது.

குழந்தையைப் போட்டோ எடுத்து அனுப்பு.
உன் மாமா

---

லுசாகா
16 ஜனவரி 2005

மதிப்புக்குரிய மாமா,

கடிதத்தோடு குழந்தையின் போட்டோ வைத்திருக்கிறேன். உங்களைப் போலவே வாயைத் திறந்தால் மூடுவதில்லை. தலை நின்றுவிட்டது. காய்ச்சல் எதுவும் இல்லை.

சனிக்கிழமை சந்தையில் நம்விலாவைப் பார்த்தேன், கியெம்பே மகள். காய்ந்த காளான் விற்க வந்திருக்கிறாள். ஊர் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். என் முகத்தையே பார்த்தாள்.

"எந்த ஊரு அண்ணா? எல்லாரும் ரோட்டோரம் நம்பர் வீட்டுக்கு வந்து மூணு மாசம் ஆச்சு. அங்க உங்க மாமா மட்டுந்தான். எங்கப்பா ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம சைக்கிள மிதிச்சிட்டுப் போயி, தூரத்துல நின்னு நல்லாத் திட்டிட்டு வருவாரு. அவரும் உள்ளேருந்து திட்டுவாரு. அப்பத்தான் எங்கப்பாவுக்கு மனசு ஆறும். போன மாசம் போனப்ப உள்ள பஞ்சாயத்து நடக்குற சத்தம். ரெண்டு பேரு ஒரு ஆட்டுக்காகச் சண்ட போடுறாங்க, தலைவரு அதட்டுறாரு. யாரோ திரும்பி வந்துட்டாங்கன்னு அப்பாவுக்கு அவ்ளோ சந்தோசம். வேலியோரமா எட்டிப் பாத்தா, மூணு கொரலும் உங்க மாமாதான். அன்னைக்கு எங்கப்பா திட்டாமலே திரும்பி வந்துட்டாரு."

நான் அவளிடம் இருந்த காளான் முழுவதையும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

மாமா, இங்கே இரண்டு அறை இருக்கிறது. வந்துவிடுங்கள். வரமாட்டீர்கள் என்றால் நான் அங்கே வருகிறேன். மனுவை எழுதி வைத்துவிட்டேன். போட வேண்டாம் என்று இந்த முறை சொல்லாதீர்கள்.

எனோக்

---

கமாலோண்டோ ஊர்
6 பிப்ரவரி 2005

அன்பு மருமகனே,

போட்டோவைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். பார்ப்பவர்கள் எல்லாரும், அடடா கமாலோண்டோவின் நெற்றி என்கிறார்கள். நீங்கள் மூவரும் சுகமாக இருக்க வேண்டும். என் முழங்காலும் நானும் சமாதானமாகிவிட்டோம். அது மடங்குவதில்லை, நான் மடக்குவதில்லை.

நம்விலா பேச்சையா நம்பினாய்? பிறந்த அன்றே பசிக்காமல் அழுதவள் அவள். குலமும் என்ன குலம் என்று யோசித்துப் பார். மூன்று குரலில் பேசினேனாம். இரண்டு பக்கத்து நியாயத்தையும் தானே சொல்லிப் பார்க்காதவன் என்ன தலைவன்? உங்கள் பாராளுமன்றத்தில் அப்படிச் செய்யாததால்தான் நாடு இப்படி இருக்கிறது. ஆட்டுக்காரன் வழக்கில் தீர்ப்பு நன்றாக வந்தது. இரண்டு பேரும் திருப்தியாகப் போனார்கள்.

மண் வாரும் இயந்திரம் ஓடைக்கரைக்கு வந்துவிட்டது. ஓட்டுபவர் பெம்பா ஆள், சிலுஃபியா என்று பெயர், பிள்ளைகுட்டிக்காரர். மத்தியானம் என் வீட்டு நிழலில் சாப்பிடுகிறார். இந்தக் கடிதங்களைக் கொண்டுபோய்க் கொண்டுவருவதும் அவர்தான். "ஐயா, இடுகாட்டுப் பக்கம் எப்பத் தோண்டச் சொல்வாங்கன்னு தெரியாது. சொன்னா நான் செஞ்சுதான் ஆகணும்" என்றார். "சொன்ன அன்னைக்கு எனக்கு ஒரு வார்த்த சொல்லு. என் தங்கச்சி பக்கத்துல போய் உக்காந்துக்கறேன், சேத்து வாரிடு" என்றேன். சிரிப்பார் என்று பார்த்தேன். சாப்பாட்டைப் பாதியில் மூடி வைத்துவிட்டார். பெம்பாக்காரர்களுக்குக் கேலி புரிவதில்லை.

நீ இங்கே வராதே. இடமில்லை. மெய்யாகச் சொல்கிறேன், ஊரில் ஒரு வீடு காலி கிடையாது. உன் அம்மா வீட்டில் ஒரு பெரிய குடும்பம் இருக்கிறது. கியெம்பே வீட்டில் மூன்று குடும்பம். என் வீட்டிலேயே வந்தவர்கள் படுத்துப் படுத்துக் கால் நீட்ட வழியில்லை. கைக்குழந்தையோடு வந்து எங்கே படுப்பாய்? உன் கதவில் பெயர் எழுதியிருக்கிறதே, அதைப் பார்த்துக்கொண்டு அங்கேயே இரு. மனுவைக் கிழித்து அடுப்பில் போடு.

வராதே.
உன் மாமா

---

லுசாகா
27 பிப்ரவரி 2005

மதிப்புக்குரிய மாமா,

நாங்கள் நலம். நீங்கள் சாப்பிடுகிறீர்களா?

மனுவைப் போட்டுவிட்டேன். பெரிய அதிகாரி அதை வாசித்துவிட்டு, "முலோங்கா, கோடு போட்டதும் நீங்க, தப்புன்னு சொல்றதும் நீங்களா?" என்றார். "ஆமாங்க ஐயா, போட்டவனுக்குத்தான தெரியும்" என்றேன். சம்பளமில்லாத விடுப்பில் அனுப்பியிருக்கிறார்கள். திரும்ப எப்போது என்று சொல்லவில்லை. வெளியே வரும்போது கதவில் இருந்த பெயரைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள்.

ஏப்ரலில் சோல்வேசியில் விசாரணை. அதுவரைக்கும் இடுகாட்டைத் தொடக்கூடாது என்று உத்தரவு வாங்கிவிட்டேன். சிலுஃபியாவிடம் சொல்லுங்கள், நிம்மதியாகச் சாப்பிடட்டும். விசாரணையில் ஜெயிப்போமா என்று எனக்குத் தெரியாது. பெரும்பாலும் தோற்போம் என்கிறார்கள் இங்கே. ஆனால் கமாலோண்டோ அங்கே நிற்கும்போது அவருடைய தங்கை மகன் பக்கத்தில் நிற்க வேண்டும், அதுதான் முறை.

மார்ச் இருபத்தெட்டாம் தேதி நாங்கள் மூவரும் பஸ்ஸில் வந்து இறங்குகிறோம். ஊரில் ஒரு வீடும் காலி இல்லை என்று எழுதியிருந்தீர்கள். பரவாயில்லை மாமா. யாரையும் எழுப்ப வேண்டாம், நாங்கள் மரத்தடியில் படுத்துக்கொள்வோம்.

எனோக்

---

கமாலோண்டோ ஊர்
13 மார்ச் 2005

அன்பு மருமகனே,

சொன்னால் கேட்கிற குலமா நம் குலம்? குழந்தைக்குப் போர்வை எடுத்துக்கொள், ரோட்டிலிருந்து நடக்கும்போது தூறல் இருக்கும். டோர்கஸுக்கு நடக்க முடியுமா? சிலுஃபியா தன் வண்டியில் ஏற்றி வருவதாகச் சொல்லியிருக்கிறார். உத்தரவைச் சொன்ன அன்று முழுச் சாப்பாடும் சாப்பிட்டார்.

உன் கடிதம் வந்ததும் ஊரைக் கூட்டினேன். எள் போட்டால் விழ இடமில்லாத கூட்டம். எழுந்து நின்று சொன்னேன்: "என் மருமகன் நாட்டையே வரைஞ்சு வரைஞ்சு களைச்சுப் போயி வர்றான். கைக்கொழந்தை வேற. இவ்வளவு சத்தம் அவனுக்கு ஆகாது. அவன மரத்தடியில படுக்க வெச்சா எனக்கு என்ன மரியாத? எல்லாரும் கொஞ்ச காலம் வேற எங்கயாச்சும் போய் இருங்க." ஒரு ஆள் மறுத்துப் பேசவில்லை. என் சொல்லுக்கு அவ்வளவு மதிப்பு. அன்றைக்கே மூட்டையைக் கட்டிக்கொண்டு ஒருத்தர் விடாமல் போய்விட்டார்கள். நாய்கள்கூடப் போய்விட்டன. உனக்குக் காற்று வரட்டும் என்று சில பேர் கூரையையும் கழற்றிக்கொண்டு போனார்கள். வாசல்களில் புல் இடுப்பளவு நிற்கும். அவர்கள் போன பிறகு வளர்ந்ததுதான், நம் மண் அப்படிப்பட்ட மண்.

அதனால் வந்து இறங்கும்போது ஊர் வெறிச்சென்று இருக்கிறதே என்று திகைத்து நிற்காதே. குழந்தையிடமும் சொல்லி வை. உங்களுக்காகத்தான் காலி செய்து வைத்திருக்கிறேன். உன் அம்மா வீட்டைப் பெருக்கிவிட்டேன். அது பிடிக்காவிட்டால் எந்த வீடு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்.

உன் மாமா